பெரியவர் இருந்த நாற்காலி

எங்கள் அப்பத்தாவுக்கு இந்தியில் ஒரு சொல்கூடத் தெரியாது. ஆனாலும் சனி, ஞாயிறு இரவு பத்து மணியானால், காரைக்குடி வீட்டின் பட்டாலையில் பாயை விரித்து 'சிஐடி' என்ற இந்தித் துப்பறியும் தொடரைப் பார்க்க உட்கார்ந்துவிடுவார். மொழி தெரியாதவருக்கு முகங்கள்தான் கதை. ஏசிபி, அதாவது காவல்துறை உதவி ஆணையர், பிரத்யுமனாக வரும் சிவாஜி சாட்டம் விரல்களைக் காற்றில் திருகத் தொடங்கினால் அவருக்கு ஏதோ சந்தேகம் தட்டிவிட்டது என்பதும், தயாவாக நடிக்கும் தயானந்த் ஷெட்டி பூட்டிய கதவைப் பார்த்து நின்றால் அது உடையப்போகிறது என்பதும் அப்பத்தாவுக்குத் தெரியும். பர்மாத் தேக்கு நிலைக்கதவை நாளெல்லாம் துடைத்துப் பழகியவர் ஆதலால், ஒவ்வொரு கதவு விழும்போதும் அவர் கை தானாகத் தன் மார்புக்குப் போகும்.

2018-ல் நின்ற தொடர் 2024 டிசம்பரில் திரும்பி வந்தபோது வீட்டில் அவ்வளவு மகிழ்ச்சி. அடுத்த ஏப்ரலில் பிரத்யுமன் குண்டுவெடிப்பில் இறந்ததாகக் காட்டி, அந்தப் பொறுப்பில் பார்த் சம்தானை ஏசிபி ஆயுஷ்மானாகக் கொண்டுவந்தார்கள். அப்பத்தா என்னைப் பார்த்து, "ஏண்டா, அந்தப் பெரியவுக எங்கே?" என்று கேட்டார். நான் சொன்னதும் பதில் பேசாமல் பாயைச் சுருட்டிக்கொண்டு எழுந்து போனார்.

புதியவர்கள் வருவதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. 1998-ல் தொடங்கிய இந்தத் தொடரின் ஆரம்ப நாள்களில் பின்னாளைய இயக்குநர் ஆஷுதோஷ் கோவாரிக்கர் நடித்திருக்கிறார். முதல் நாளிலிருந்தே இருந்தவர் என்று பலரும் எண்ணுகிற துப்பறிவாளர் அபிஜீத்தே 1999-ல் வந்து சேர்ந்தவர்தான். பிரத்யுமனுக்குப் பக்கத்தில் நின்று, அவரோடு சேர்ந்து துப்புத் துலக்கி, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அபிஜீத்தாக நடிக்கும் ஆதித்ய ஸ்ரீவாஸ்தவா நம் வீட்டுப் பிள்ளையானார். ஆயுஷ்மானுக்கு அந்த அவகாசம் கொடுக்கப்படவில்லை. துக்கம் ஆறாத வீட்டில், இறந்தவருடைய நாற்காலியிலேயே ஒருவரை உட்காரவைத்தால், எவ்வளவு நன்றாக நடித்தாலும் அவர் என்ன செய்வார்?

அமெரிக்காவில் 1990-ல் தொடங்கிய, போலீசும் நீதிமன்றமும் சேர்ந்த 'லா அண்ட் ஆர்டர்' தொடரில் ஆள்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். துப்பறிவாளராக ஜெர்ரி ஆர்பாக் 1992-ல் வந்தார். பெண் பாத்திரங்கள் வேண்டும் என்று தொலைக்காட்சி நிறுவனம் வற்புறுத்தியதால் 1993-ல் வந்த எபாத்தா மெர்க்கர்சன் 2010 வரை இருந்தார். 1994-ல் அரசு வழக்கறிஞராகச் சேர்ந்த சாம் வாட்டர்ஸ்டன் 2024-ல் விடைபெற்றபோது, அவருடைய பாத்திரத்தைச் சாகடிக்காமல், கடைசி வழக்கு ஒன்றை வாதாடவைத்து, பதவி விலகி நடந்து போகவிட்டார்கள்; பிறகுதான் டோனி கோல்ட்வின் வந்தார். அங்கே துப்பறிவாளர், வழக்கறிஞர் என்ற பதவிகளே கதையைச் சுமப்பதால் ஆள் மாறினாலும் கட்டடம் ஆடுவதில்லை. 'சிஐடி'யில் பதவியும் ஆளும் ஒன்றாகிப் போனவை. பிரத்யுமன் என்றால் ஏசிபி, ஏசிபி என்றால் பிரத்யுமன். இருபது ஆண்டுகளில் அப்படி ஊறிவிட்டது.

எங்கள் பக்கத்தில் வாரிசு இல்லாத வீட்டுக்குப் பிள்ளை கூட்டும்போது, ஊரறிய, பங்காளிகள் முன்னிலையில், வீட்டுப் பெரியவர்களே கைப்பிடித்து உள்ளே அழைத்துக்கொள்வார்கள். ஆயுஷ்மானையும் பிரத்யுமனே அழைத்துவந்து, பத்து வழக்குகளில் தன்னோடு வைத்திருந்து, ஒருநாள் "இனி நீ பார்த்துக்கொள்" என்று வழக்குக் கோப்பினை நீட்டியிருந்தால் அப்பத்தா பாயைச் சுருட்டியிருக்க மாட்டார் என்று உறுதியாகச் சொல்வேன்.

சில வாரங்களிலேயே சிவாஜி சாட்டம் திரும்பி வந்துவிட்டார். அன்றிரவு நான் அடுப்படிக்கு ஓடிப்போய்ச் சொன்னேன். வெள்ளைப் பணியாரத்துக்கு ஆட்டிய மாவு ஒட்டிய கையோடு வந்து நின்று, திரையில் விரல்கள் காற்றில் திருகுவதைப் பார்த்த அப்பத்தா, கையைக்கூடக் கழுவாமல் பாயை எடுத்தார்.