மலாக்காவுக்கு முன்னால் கோம்பாக்: மலேசிய வரலாற்றை நடந்து பார்க்க இரண்டு நாள்

மலேசியாவின் கதையைப் பார்க்கக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் நேரே மலாக்காவுக்கு பஸ் ஏறிவிடுகிறார்கள். அங்கே போர்ச்சுகீசியர் கோட்டைவாசல் இருக்கிறது, டச்சுக்காரர் மாளிகை இருக்கிறது, வெள்ளைக்காரர் கிளப் இருக்கிறது. அவர்களுக்கெல்லாம் முந்தியவர்களுக்கு ஒரு சுவர்கூட இல்லை. எனவே முதல் நாளை கோலாலம்பூருக்கு வடக்கே கோம்பாக்கில் உள்ள ஒராங் அஸ்லி என்னும் பூர்வகுடிகளின் அருங்காட்சியகத்துக்குக் கொடுங்கள். கிராப் செயலியில் வாடகைக் கார் பிடித்துப் போகலாம். திரும்ப வண்டி கிடைப்பது சிரமம் என்பதால் போன வண்டியையே காத்திருக்கச் சொல்லிப் பேசிக்கொள்வது நல்லது. வெள்ளிக்கிழமை வேண்டாம், பூட்டியிருக்கும்.

ஒராங் அஸ்லி என்பது 18 இனக்குழுக்களைச் சேர்த்து அரசு வழங்கும் பெயர். செமாங், செனோய், ஆதி மலாய் என்று மூன்று பெரும் பிரிவுகள். முகமூடிகளைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடாமல், வேட்டைக்கு அம்பு ஊதும் ஊதுகுழல் முன்னால் நின்று பாருங்கள். ஆள் உயரத்தைத் தாண்டும் குழல் அது. வெளியே ஒரு மூங்கில், உள்ளே இன்னொன்று. உள்மூங்கிலில் கணு இருந்தால் அம்பு தட்டும். அதற்காகவே கணுவுக்குக் கணு வெகுதூரம் உள்ள மலைமூங்கிலைத் தேடி வெட்டுவார்கள். அம்பு நுனியில் ஈப்போ மரத்துப் பால். இதயத்தை நிறுத்திவிடும் விஷம்; ஈப்போ நகரத்துக்குப் பெயர் தந்த மரமும் இதுதான். நுனிக்குச் சற்றுக் கீழே அம்பில் லேசாக ஒரு வெட்டு விட்டிருப்பார்கள். குரங்கு அம்பைப் பிடுங்கினால் குச்சி மட்டும் கையோடு வரும், விஷ நுனி உடம்பிலேயே தங்கிவிடும்.

1948-ல் தொடங்கிய அவசரகாலத்தில், காட்டிலிருந்த கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்குச் சோறு போடுகிறார்கள் என்று சொல்லி பிரிட்டிஷ் அரசு இம்மக்களை முள்வேலி முகாம்களுக்குள் தள்ளியது. காட்டு நிழலிலேயே வாழ்ந்தவர்கள் பலர் அங்கே செத்துப்போனார்கள். பூர்வகுடிகளுக்கென்று தனிச் சட்டம் 1954-ல்தான் வந்தது.

மறுநாள் காலை கோலாலம்பூரின் தெற்குப் பேருந்து முனையமான டிபிஎஸ் நிலையத்திலிருந்து மலாக்கா பஸ். இரண்டு மணி நேரப் பயணம், சனி ஞாயிறில் மூன்றும் ஆகும். மலாக்கா சென்ட்ரலில் இறங்கினால் ஊருக்குள் போக இன்னொரு வண்டி பிடிக்க வேண்டும். பழைய நகரம் அங்கிருந்து நடக்கிற தூரத்தில் இல்லை. திங்கட்கிழமை பல அருங்காட்சியகங்கள் திறக்காது.

ஊர்ப்பெயர் மலாக்கா மரத்திலிருந்து வந்தது என்பார்கள். அது நம் நெல்லி இனம். 1400-ஐ ஒட்டி சுமத்ராவிலிருந்து வந்த இளவரசன் பரமேஸ்வரன் இங்கே துறைமுகம் அமைத்தபோது, ஜலசந்தியைக் கைரேகைபோல் அறிந்த ஒராங் லாவுட் என்னும் கடலோடிப் பூர்வகுடிகள்தான் படகும் காவலும் ஆனார்கள். வணிகம் பெருகியதும் கப்பல்களைக் கவனிக்க ஷாபந்தர் என்னும் துறைமுக அதிகாரிகள் நால்வர். அதில் ஒருவர் பொறுப்பில் நம் சோழமண்டலக் கரை வணிகர்களும் வந்தார்கள்.

1511 ஆகஸ்டில் போர்ச்சுகீசியத் தளபதி அல்புகெர்க் ஊரைப் பிடித்தார். அவர் கட்டிய அ ஃபமோசா கோட்டையில் மிஞ்சியது ஒரு வாசல் மட்டும். படம் எடுப்பதற்கு முன் மேலே பாருங்கள்: அங்கே செதுக்கியிருப்பது டச்சுக் கம்பெனியின் சின்னமும் 1670 என்ற ஆண்டும். 1641-ல் ஊரைப் பிடித்த டச்சுக்காரர்கள் வாசலைப் பழுதுபார்த்துத் தங்கள் முத்திரையைப் பதித்துவிட்டார்கள். 1807-ல், ஊரைத் தற்காலிகமாகக் கையில் வைத்திருந்த பிரிட்டிஷார் கோட்டையை வெடிவைத்துத் தகர்க்கத் தொடங்கினார்கள். வேறு யார் கைக்கும் அது பயன்படக் கூடாது என்ற கணக்கு. பிரிட்டிஷ் அதிகாரி ராஃபிள்ஸ் குறுக்கிட்டதால் இந்த வாசல் தப்பியது.

வாசலுக்குப் பின்னால் படியேறினால் புனித பவுல் ஆலயத்தின் கூரையில்லாச் சுவர்கள். முத்துக்குளித்துறைப் பரதவரிடையே ஊழியம் செய்த சவேரியாரின் உடல் 1553-ல் கோவாவுக்குப் போகும் முன் சில மாதம் இருந்த இடம். வெயில் ஏறுவதற்குள் ஏறி இறங்கிவிடுங்கள், தண்ணீர் பாட்டில் கையில் இருக்கட்டும்.

சிவப்புச் சதுக்கத்தில் ரிக்‌ஷாப் பாட்டுக் கூச்சலைக் கடந்து ஆற்றைத் தாண்டி துக்காங் எமாஸ் தெருவுக்கு நடங்கள். 1781-ல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயில் அங்கே இருக்கிறது. டச்சுக்காரர் நிலம் கொடுக்க, தமிழ் வணிகர் வழிவந்த மலாக்கா செட்டிகள் கட்டியது. அவர்கள் வீட்டில் பேசுவது மலாய், கும்பிடுவது சிவனையும் மாரியம்மனையும். கிளிங் பள்ளிவாசலும் செங் ஹூன் தெங் சீனக் கோயிலும் அதே வரிசையில்தான்.

1824-ல் டச்சுக்காரரோடு லண்டனில் போட்ட ஒப்பந்தத்தில், சுமத்ராவிலிருந்த பென்கூலனைக் கொடுத்து மலாக்காவை வாங்கிக்கொண்டார்கள் பிரிட்டிஷார். பண்டமாற்று என்பதைத் தவிர அதற்கு வேறு பெயர் இல்லை. பிறகு ஈயம், ரப்பர், தோட்டத்துக்கு வந்திறங்கிய தமிழர்கள், ஜப்பானியர் ஆட்சி.

கடைசியாக, கோட்டைவாசலுக்கு அருகே வெங்காயக் குவிமாடங்கள் கொண்ட கட்டடம். 1912-ல் மலாக்கா கிளப். பிரிட்டிஷ் அதிகாரிகளும் தோட்டத் துரைமார்களும் மாலையில் குடிக்க வரும் இடம். இப்போது சுதந்திரப் பிரகடன நினைவகம். லண்டன் பேச்சுவார்த்தை முடித்துத் திரும்பிய, பின்னாளில் முதல் பிரதமரான துங்கு அப்துல் ரஹ்மான், 1956 பிப்ரவரி 20 அன்று எதிரிலிருந்த திடலில்தான் விடுதலைத் தேதியை அறிவித்தார்: 1957 ஆகஸ்ட் 31. அந்தத் திடலைத் தேடி அலைய வேண்டாம். அங்கே இன்று ஒரு ஷாப்பிங் மால் இருக்கிறது. வெயில் தாழும்வரை அதன் ஏசியில் உட்கார்ந்திருக்கலாம். ஞாயிறு மாலை என்றால் திரும்பும் டிக்கெட்டைக் காலையிலேயே எடுத்துவிடுங்கள்.