அபோ க்ஸீலா! கோர்ஃபூ தீவில் கிரிக்கெட்

கிரேக்க நாட்டுக்குப் போகிறேன் என்றதும் நண்பர்கள் எல்லோரும் ஏதென்ஸ், சாண்டோரினி என்று பட்டியல் போட்டார்கள். நான் டிக்கெட் போட்டது கோர்ஃபூவுக்கு. அந்த நாட்டில் கால்பந்தும் கூடைப்பந்தும்தான் ஆட்டம். கிரிக்கெட் என்றால் பெரும்பாலானவர்களுக்கு என்னவென்றே தெரியாது. ஆனால் மேற்குக் கடலோரம் இருக்கும் இந்த ஒரு தீவில் மட்டும் 1823 முதல் ஆடுகிறார்கள். நம் சேப்பாக்கத்து மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் தொடங்கியதே 1846-இல்தான். இதைப் படித்த நாளிலிருந்து போய்ப் பார்த்தே ஆகவேண்டும் என்று இருந்தது.

விடுதியில் பையைப் போட்டுவிட்டு நேராக ஸ்பியானாடாவுக்கு நடந்தேன். ஊருக்கு நடுவே இருக்கும் பெரிய திடல் அது. ஒரு பக்கம் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பழைய கோட்டை. மறுபக்கம் லிஸ்டன் என்கிற, வளைவு வளைவாகத் தூண்கள் வைத்த பிரெஞ்சுக்காரர் கட்டிய கட்டடம். அதன் கீழே வரிசையாகக் காபிக் கடைகள். அவ்வளவு நெருக்கமான ஊருக்குள் இவ்வளவு வெட்டவெளி எப்படி வந்தது? சுமார் நானூறு ஆண்டுகள் தீவை ஆண்ட வெனிஸ்காரர்கள், கோட்டையிலிருந்து பீரங்கி சுட மறைப்பு இருக்கக் கூடாது என்று அங்கிருந்த வீடுகளை இடித்துத் தள்ளினார்கள். பீரங்கிக்காக ஒழித்த இடத்தில் பின்னால் வந்த ஆங்கிலேயர்கள் ஸ்டம்ப் நட்டார்கள். கடற்படை அதிகாரிகளும் கோட்டைச் சிப்பாய்களும் ஆடியதுதான் முதல் ஆட்டம்.

அப்போது தீவை ஆண்டவர் தாமஸ் மெயிட்லண்ட். அந்தப் பெயரைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். 1805 முதல் 1811 வரை இலங்கையின் கவர்னராக இருந்து, கொழும்புக்குப் பக்கத்தில் கல்கிசையில் கடலோர மாளிகை கட்டிய அதே மெயிட்லண்ட்! திடலின் வடக்கு ஓரத்தில் நிற்கும் அரண்மனையும் அவர் கட்டியதுதான். முதல் ஆட்டம் நடந்தபோது அந்தக் கட்டட வேலையே முடிந்திருக்கவில்லை. இன்னொன்று: அவருக்கு முன்னால் இலங்கையை ஆண்ட ஃபிரெடெரிக் நார்த்தும் இந்தத் தீவுக்குத்தான் வந்து, 1824-இல் ஒரு பல்கலைக்கழகம் தொடங்கினார். அவர் சிலை இங்கே இருக்கிறது.

என் அதிர்ஷ்டம், அன்று ஞாயிற்றுக்கிழமை, திடலில் மேட்ச். நடுவில் சிமென்ட் தளம், அதன் மேல் மேட். சுற்றிலும் அங்கங்கே மண் தெரியும் புல். எல்லைக்கு அப்பால் நிறுத்தி வைத்த கார்கள். நான் லிஸ்டன் பக்கம் ஒரு நாற்காலியைப் பிடித்து சிச்சிபீரா ஒன்று சொன்னேன். ஜிஞ்சர் பீர் என்பதுதான் இவர்கள் நாக்கில் அப்படி ஆகிவிட்டது. இஞ்சி, எலுமிச்சை, சர்க்கரை போட்டுப் புளிக்க வைத்தது. ஆல்கஹால் கிடையாது என்றே சொல்லலாம். தொண்டையில் இஞ்சி காரமாக இறங்கும்போது பன்னீர் சோடா நினைவுக்கு வந்தது.

பக்கத்து மேசைப் பெரியவருக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். நான் ஒவ்வொரு பாலுக்கும் கையைக் காலை அசைப்பதைப் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்து என் பக்கம் வந்து உட்கார்ந்தார். இளவயதில் விக்கெட் கீப்பராம். வலது கை மோதிர விரல் வளைந்திருந்தது. அதைத் தொட்டுக் காட்டி, "இங்கேதான், இதே மேட்டில்" என்றார் ஆங்கிலத்தில்.

அவரிடம் கற்றுக்கொண்டதுதான் இந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த பெரிய சொத்து. போல்டு ஆனால் இங்கே 'அபோ க்ஸீலா'. க்ஸீலா என்றால் மரக்கட்டைகள், அதாவது ஸ்டம்ப். கேட்ச் ஆனால் 'அபோ ப்ஸிலா', உயரத்திலிருந்து. முதலில் இரண்டும் என் காதில் ஒன்றாகவே விழுந்தன. பெரியவர் விடவில்லை. ஒன்றில் முன்னால் அழுத்து, மற்றதில் பின்னால் அழுத்து என்று மேசையில் தட்டித் தட்டிச் சொல்லிக் கொடுத்தார். தரையில் படாமல் நேராக வரும் ஃபுல் டாஸுக்கு 'பொம்பாடா'. பேட்டுக்கு அருகே தரையில் பட்டு உடனே எழும் ஹாஃப் வாலிக்கு 'ப்ரீமோ சால்டோ', அது இத்தாலியச் சொல். முதல் துள்ளல் என்று பொருள். வெனிஸ்காரர்கள் விட்டுப்போன மொழியை எடுத்து ஆங்கிலேயர் விட்டுப்போன ஆட்டத்துக்குப் போட்டுக்கொண்டார்கள்.

1864-இல் தீவு கிரேக்கத்தோடு சேர்ந்தது, ஆங்கிலேயர்கள் கப்பலேறினார்கள். ஆட்டமும் அவர்களோடு போயிருக்கலாம், ஆனால் போகவில்லை. அதற்குக் காரணம் இந்தச் சொற்கள்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. அடுத்தவன் ஆட்டம் என்ற நினைப்பே இல்லாமல் வீட்டு மொழியில் ஆடினார்கள். கிரேக்கக் கிரிக்கெட் சம்மேளனம் 1995-இல் ஐசிசியில் சேர்ந்தது. அதன் தலைமையிடமும் ஏதென்ஸில் இல்லை, இங்கேதான்.

மறுநாள் மாலை பெரியவர் என்னைக் குவியா மைதானத்துக்கு அழைத்துப் போனார். ஊருக்கு வடக்கே, படகுத்துறைக்குப் பக்கத்தில் இருக்கிறது. கார்கள் பெருகிய பிறகு பெரும்பாலான ஆட்டங்கள் அங்கேதான். ஒரு கிளப்பின் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. "மத்ராஸிலிருந்து வந்திருக்கிறான்" என்று அறிமுகப்படுத்தினார். அப்புறம் யாரும் என்னைச் சும்மா நிற்க விடவில்லை. பேடு கட்டிவிட்டார்கள்.

திருவல்லிக்கேணித் தெருவில் ரப்பர் பந்திலும், காலேஜில் கார்க் பாலிலும் ஆடியவன் நான். பேட் பிடித்துப் பதினோரு வருடம் ஆகிறது. பள்ளி முடிக்காத பையன் ஒருவன் ஓடி வந்து போட்ட முதல் பந்து குட் லெங்த்தில் விழுந்து நெஞ்சுக்கு எகிறியது. மேட்டுக்கு அடியில் சிமென்ட் என்பதை உடம்பு அப்போதுதான் புரிந்துகொண்டது. அடுத்த சில பந்துகள் பின்காலில் நின்று தடுத்தேன். ஒன்றைக் கட் செய்தேன், பாயிண்ட் பக்கம் சர்ரென்று போனது. அந்தச் சத்தத்தைக் கேட்கவே இவ்வளவு தூரம் வந்தது போல இருந்தது. பத்தாவதோ பதினொன்றாவதோ பந்து உள்ளே திரும்பி ஆஃப் ஸ்டம்பைத் தட்டியது. "அபோ க்ஸீலா!" என்று எல்லோரும் கத்தினார்கள். இந்த முறை சரியாகக் காதில் விழுந்தது.

பயிற்சி முடிந்ததும் சின்னப் பையன்கள் நாலைந்து பேர் டென்னிஸ் பந்தை எடுத்துக்கொண்டு ஓரமாக நின்றார்கள். இடம் கொஞ்சம்தான். நம் ஊர் விதியைச் சொல்லிக் கொடுத்தேன்: ஒரு முறை தரையில் பட்டு எழும் பந்தை ஒற்றைக் கையால் பிடித்தால் அவுட், ஒன் பிட்ச் ஒன் ஹேண்ட். உடனே பிடித்துக்கொண்டார்கள். ஆனால் 'ஒன் பிட்ச்' என்ற பெயர் அவர்கள் வாயில் நிற்கவில்லை. மூன்றாவது பந்தில் ஒரு பொடியன் பாய்ந்து இடது கையால் பிடித்தான். கையைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்த்துக் கத்தினான்:

"ப்ரீமோ சால்டோ!"