மாம்பழத் தோலும் ஒரு முந்திரிப் பருப்பும்

உதட்டைச் சுற்றிச் சின்னச் சின்னக் கொப்புளங்கள் வந்தபோது, இரண்டு நாள் முன்பு சாப்பிட்ட மாம்பழம் எனக்கு நினைவுக்கே வரவில்லை. முந்தின இரவு என்ன சாப்பிட்டேன், சோப்பை மாற்றினேனா என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். மாம்பழம் சின்ன வயதிலிருந்து சாப்பிடுவது. அதன்மேல் எப்படிச் சந்தேகம் வரும்?

மறுநாள் மணிக்கட்டிலும் விரல் இடுக்குகளிலும் அதே அரிப்பு. அப்போதுதான் பொறி தட்டியது. ஒரு பெட்டி மாங்காயைக் காம்பு கிள்ளி அடுக்கியது நான்தான். பால் வடிந்த கையைத் தண்ணீரில் லேசாக அலசிவிட்டு, பழுத்திருந்த ஒன்றைத் தோலோடு கடித்து உறிஞ்சியதும் நான்தான். அந்தப் பாலிலும் தோலிலும் இருக்கும் பிசின் போன்ற எண்ணெய்தான் காரணம் என்று பிறகு மருத்துவர் சொன்னார். சதையில் பிரச்சினை இல்லையாம். இந்த வகை ஒவ்வாமை உடனே வராது, ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் தலைகாட்டும். அதனால்தான் பலருக்கும் காரணம் பிடிபடுவதில்லை.

மருத்துவரிடம் போவதற்கு முன் நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். அரிப்புக்கு நல்லது என்று யாரோ சொன்னதைக் கேட்டு எலுமிச்சைச் சாற்றைத் தடவிக்கொண்டு, அப்படியே வெயிலில் நின்று துணி உலர்த்தினேன். எரிச்சல் தாங்க முடியவில்லை. எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் விழுந்தால், அரிப்பே இல்லாதவருக்குக்கூடத் தோல் வெந்து கறுத்துப்போகும். என் மணிக்கட்டில் விழுந்த கறுப்புத் திட்டு மறையப் பல வாரம் ஆனது. புண்ணான தோலில் புளிப்பானது, காரமானது, வாசனை எண்ணெய் எதையும் தயவுசெய்து வைக்காதீர்கள்.

எனக்கு உண்மையில் கைகொடுத்தவை ரொம்பச் சாதாரணமானவை. ஈரத்துணியைக் குளிர்ந்த நீரில் நனைத்துப் பதினைந்து நிமிடம் வைப்பது, ஒரு நாளைக்கு நாலைந்து தடவை. எதுவும் கலக்காத ஓட்ஸை மிக்ஸியில் நைசாக அரைத்து, வெதுவெதுப்பான நீரில் கலக்கிக் கையை ஊற வைப்பது. கைகளுக்குக் கேலமைன் லோஷன், உதட்டுக்கு வாசலின். சூடான தண்ணீர் விட்டால் அந்த நேரத்துக்குச் சுகமாக இருக்கும், அப்புறம் அரிப்பு இரண்டு மடங்காகும். ராத்திரித் தூக்கமே கெட்டபோதுதான் மருத்துவரிடம் போனேன். குறைந்த வீரியமுள்ள ஸ்டீராய்டு களிம்பு ஒன்றை எழுதிக் கொடுத்து, முகத்தில் சில நாளுக்குமேல் போடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். முழுதாக ஆற இரண்டு வாரம் ஆனது.

இதையெல்லாம்விடப் பெரிய வைத்தியம் கழுவுவதுதான். பால் பட்ட சில நிமிடங்களுக்குள் சோப்புப் போட்டு, நகக்கண் வரை தேய்த்துக் கழுவியிருந்தால் பாதி அவதி இருந்திருக்காது. கத்தி, பலகை, துண்டு எல்லாவற்றையும் கழுவ வேண்டும், எண்ணெய் அதில் ஒட்டிக்கொண்டே இருக்கும். இன்னொன்று: கொப்புளத்து நீர் பட்டால் மற்றவருக்குப் பரவும் என்று பயந்து நான் நான்கு நாள் மகளைத் தூக்கவே இல்லை. அது பரவாது. அந்த நான்கு நாளை நினைத்தால் இன்னும் மனசு வலிக்கிறது.

இப்படி ஒரு தடவை தேறி வந்ததில் எனக்கு ஒரு தைரியம் வந்துவிட்டது. அந்தத் தைரியம்தான் அடுத்த முறை ஆபத்தாக முடிய இருந்தது.

சில மாதம் கழித்து, மூன்று வயது மகள் முதல்முறையாக ஒரு முந்திரிப் பருப்பைத் தின்றாள். பத்து நிமிடம் இருக்கும். வாயைச் சுற்றிச் சிவந்தது, கழுத்தில் தடிப்புத் தடிப்பாக எழும்பியது. நான் பதறவில்லை. ஈரத்துணியை எடுத்தேன், வீட்டில் இருந்த அலர்ஜி மருந்தைக் கொடுத்தேன், லோஷனைத் தேடினேன். அதற்குள் அவள் வாந்தி எடுத்தாள். இருமினாள். "அம்மா" என்று கூப்பிட்ட குரல் கரகரத்தது. என் கணவர்தான், "இது உனக்கு வந்த மாதிரி இல்லை, கிளம்பு" என்று அவளை வாரி எடுத்தார்.

அவசரப் பிரிவில் முதலில் தொடையில் போட்டது அட்ரினலின் ஊசி. சில நிமிடங்களில் இருமல் தணிந்தது. தடிப்பு அடங்கியும் வீட்டுக்கு அனுப்பவில்லை. சில மணி நேரம் கழித்து மறுபடி வரக்கூடும் என்று விடியும்வரை வைத்திருந்தார்கள். நான் கொடுத்த மருந்தைப் பற்றிக் கேட்டேன். அது அரிப்பையும் தடிப்பையும் குறைக்கும், மூச்சு அடைப்பதையோ ரத்த அழுத்தம் விழுவதையோ நிறுத்தாது என்றார் பணியிலிருந்த மருத்துவர். தொண்டை வீங்கும்போது தேன், கஷாயம் என்று எதையாவது புகட்டினால் அதுவே அடைத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார்.

பிறகு ஒவ்வாமை நிபுணரிடம் தோல் பரிசோதனை. அதற்கு முன் ஒரு வாரம் அலர்ஜி மருந்து எதுவும் கொடுக்கக்கூடாது, கொடுத்தால் முடிவு தப்பாக வரும். கையில் ஒவ்வொரு சொட்டாக வைத்து லேசாகக் கீறி, கால் மணி நேரம் காத்திருந்தோம். முந்திரிக்கும் பிஸ்தாவுக்கும் கொசு கடித்ததுபோல் புடைத்தது. இரண்டும் நெருங்கிய சொந்தம், ஒன்று ஒத்துக்கொள்ளாதவருக்குப் பெரும்பாலும் மற்றதும் ஆகாது. மாமரமும் அதே குடும்பம்தான். அப்படியானால் என்னிடமிருந்துதான் வந்ததா என்று கேட்டேன். இல்லை என்றார். என்னுடையது தோலில் பட்ட எண்ணெய்க்கு மெதுவாக எழும் எதிர்ப்பு. அவளுடையது பருப்பிலுள்ள புரதத்துக்கு நிமிடங்களில் எழுவது. பெயர் ஒவ்வாமை என்று ஒன்றாக இருந்தாலும் வேறு வேறு.

அவர் எழுதித் தந்தது எங்கள் அடுக்களைச் சுவரில் ஒட்டியிருக்கிறது. தோலில் மட்டும் நாலைந்து தடிப்பு என்றால் மருந்து கொடுத்து, கண்ணெடுக்காமல் பார்க்க வேண்டும். மூச்சிளைப்பு, குரல் மாற்றம், நாக்கு வீக்கம், துவண்டு போவது, சாப்பிட்டவுடன் தடிப்போடு வாந்தி: இதில் எது வந்தாலும் முதலில் அட்ரினலின் பேனா (நாமே தொடையில் அழுத்திப் போடும் பேனா வடிவ ஊசி), உடனே ஆம்புலன்ஸ். படுக்க வைத்துக் காலை உயர்த்த வேண்டும், மூச்சுத் திணறினால் உட்கார வைக்கலாம், நடக்க விடக்கூடாது. அவள் எடைக்கு 0.15 மில்லிகிராம் பேனா. இரண்டு பேனாக்கள் அவள் போகும் இடமெல்லாம் போகும். கேலமைனும் ஓட்ஸும் அலமாரியிலேயே இருக்கின்றன.

மாம்பழத்தை அவள் ஏற்கெனவே தொந்தரவில்லாமல் சாப்பிட்டு வந்ததால் நிறுத்த வேண்டாம் என்றார்கள். என் கணவர் தோல் சீவி, கத்தியையும் பலகையையும் சோப்புப் போட்டுக் கழுவி வைத்த பிறகு நான் உள்ளே வருவேன். எனக்கும் அவளுக்கும் ஒரே தட்டு.