ஒரு டாலரில் முடிந்த ஏலங்கள்

1930களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் அயோவா, நெப்ராஸ்கா பக்கம் ஜப்தி ஏலத்தை விவசாயிகள் முறியடித்த விதம் எளிமையானது. கட்டுப்பாடு மட்டும் குலையக் கூடாது. ஏலத்தன்று அக்கம்பக்கத்தார் கூட்டமாக வந்து ஏலக்காரரைச் சூழ்ந்து நிற்பார்கள். மாட்டுக்குப் பத்து சென்ட், கலப்பைக்கு ஐந்து சென்ட் என்று ஒருவர் கேட்பார். அடுத்த குரல் எழாது. எல்லாம் ஓரிரு டாலரில் முடிந்ததும் பொருள்கள் உரியவரிடமே திரும்பும். வெளியாள் ஒருவர் விலையை ஏற்றினால் போச்சு. சில இடங்களில் தூக்குக்கயிறு தொங்கியது அதற்குத்தான். அப்பட்டமான மிரட்டல்!

ஆனால் நில அடமானத்தில் கடன் கொடுத்தவரே ஏலம் கேட்டு நிலத்தை எடுத்துக்கொள்ளலாம். அங்கே சட்டம்தான் கைகொடுக்கும். 1932 மே மாதம் மைலோ ரீனோ தலைமையில் உருவான விவசாயிகள் விடுமுறைச் சங்கம் அதற்கு நெருக்கியது. 1933 பிப்ரவரியில் ஜப்தியைத் தள்ளிப்போடும் சட்டம் அயோவாவில் வந்தது. அடுத்து மே 13 அன்று நாடு தழுவிய வேலைநிறுத்தம், அதாவது விளைபொருளைச் சந்தைக்கு அனுப்பாமல் நிறுத்துவது, என்று சங்கம் நாள் குறித்தது. மே 12 அன்றே விளைபொருள் விலையை உயர்த்துவதற்கான விவசாயச் சீரமைப்புச் சட்டத்தில் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்டார், வேலைநிறுத்தம் கைவிடப்பட்டது. சங்கம் கேட்ட முக்கியமான ஒன்று, உற்பத்திச் செலவை ஈடுகட்டும் உத்தரவாத விலை, அதில் இல்லை.