வாடகை வீட்டில் ஒரு பிராஞ்ச் லைன்

இங்கிலாந்தில் இருக்கும் ஸ்விண்டனுக்கு நாங்கள் வந்தது மனைவியின் வேலைக்காக. அவள் நர்ஸ், நான் டிபெண்டன்ட் விசாவில் கூட வந்தவன். "அங்க என்னப்பா பண்றே?" என்று ஊரிலிருந்து போனில் கேட்பவர்களிடம், கிடங்கில் நைட் ஷிஃப்ட் என்று சொல்லிவிடுவேன். பகலில் தூங்கி எழுந்த பிறகு ரயில்வே ஸ்டேஷன் கட்டுகிறேன் என்பதைச் சொல்வதில்லை. சொன்னால் எந்தக் கான்ட்ராக்டரிடம் என்று கேட்பார்கள். நான் கட்டுவதோ மாடல் ஸ்டேஷன்.

ஸ்விண்டனே ரயிலால் வளர்ந்த ஊர். 1843-ல் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே இங்கே தொடங்கிய பணிமனையில் ஒரு காலத்தில் 14,000 பேர் வரை வேலை பார்த்திருக்கிறார்கள். பிரிட்டிஷ் ரயில்வேக்காகக் கட்டப்பட்ட கடைசி நீராவி இன்ஜினான 'ஈவினிங் ஸ்டார்' 1960 மார்ச்சில் வெளியே வந்தது இங்கிருந்துதான். 1986-ல் பணிமனையை மூடினார்கள். இன்று அந்தக் கட்டடங்களில் ஒரு பகுதி ஷாப்பிங் வளாகம், இன்னொரு பகுதி ரயில் அருங்காட்சியகம். முதல் குளிருக்கு ஜாக்கெட் வாங்கப் போனபோது நான் துணியைப் பார்க்கவே இல்லை. மேலே இருந்த இரும்பு உத்தரங்களைத்தான் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றேன்.

நான் தேனிப் பக்கத்துக்காரன். மதுரை – போடி மீட்டர் கேஜ் பாதையை அகலப்பாதையாக்க 2010 கடைசியில் நிறுத்தினார்கள். தேனிக்கு மறுபடி ரயில் வந்தது 2022-ல், போடிக்கு 2023-ல். ரயில் வராத ஸ்டேஷனைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண் என்னுடையது. அதனால்தானோ என்னவோ, இந்த ஊரில் ரயில் ஓடுகிற பாதைகளைவிட ஓடாமல் போனவற்றின் மேல்தான் எனக்கு நாட்டம் வந்தது. (இங்கே கிரேட் வெஸ்டர்ன்காரர்கள் கடைசியாக மிஞ்சியிருந்த அகலப்பாதையை 1892 மே மாதத்தில் ஒரே வாரக் கடைசியில் ஸ்டாண்டர்ட் கேஜுக்கு மாற்றி முடித்தார்கள். அதைப் படித்த அன்று எனக்குக் கொஞ்சம் வயிறு எரிந்தது.)

ஸ்விண்டனிலிருந்து ஹைவொர்த் என்ற சின்ன ஊருக்கு ஒரு கிளைப்பாதை இருந்தது. நீளம் ஐந்தரை மைல். இடையில் ஸ்ட்ராட்டன், ஸ்டான்டன், ஹானிங்டன் என்று மூன்று ஸ்டேஷன்கள். உள்ளூர்க்காரர்கள் சேர்ந்து ஆரம்பித்த கம்பெனிக்குப் பாதியில் பணம் தீர்ந்துபோக, கிரேட் வெஸ்டர்ன் வாங்கி 1883-ல் ஓடவிட்டது. 1953-ல் பொதுப் பயணிகளுக்கு நிறுத்தியாயிற்று. தொழிலாளர்களுக்கான ரயில் மட்டும் 1962 வரை ஓடியது. ஊரூராகக் கிளைப்பாதைகளை மூடச் சொன்ன டாக்டர் பீச்சிங்கின் அறிக்கை வந்தது 1963-ல். இந்தப் பாதை அதற்கு முன்பே போய்விட்டது. ஹைவொர்த் ஸ்டேஷன் நின்ற இடத்தில் இன்று வீடுகள்.

அந்த ஸ்டேஷனைத்தான் மாடலாகச் செய்துகொண்டிருக்கிறேன்.

இங்கே அதிகம் பேர் வைத்திருப்பது ஓஓ அளவு. நிஜத்தில் 1 அடி, மாடலில் 4 மில்லிமீட்டர். அதாவது 76-ல் ஒரு பங்கு. அந்தக் கணக்கில் ஐந்தரை மைலைப் போட்டால் 116 மீட்டர் தண்டவாளம் வேண்டும். எங்கள் வீட்டில் எனக்கு ஒதுக்கப்பட்டது சின்ன அறையின் ஒரு சுவரோரம். அந்தச் சுவரிலும் ஆணி அடிக்கக் கூடாது என்று வாடகை ஒப்பந்தத்தில் இருக்கிறது. போதாததற்கு, ஒப்பந்தம் முடிந்தால் வீடு மாற வேண்டிவரலாம். மனைவிக்கு வேறு ஊரில் வேலை அமைந்தால் ஊரே மாற வேண்டிவரலாம். ஆக, பிளைவுட்டில் 1.2 மீட்டர் நீளத்துக்கு இரண்டு பலகைகள், போல்ட் போட்டு இணைப்பது, கழற்றினால் காரின் பின் சீட்டில் போக வேண்டும் என்று முடிவு செய்தேன். மாடல் ரயிலுக்கு டிசைன் என்றால் தண்டவாளத்தை எப்படி வளைப்பது என்பது என்று நினைத்திருந்தேன். எனக்கு டிசைன் வாடகை ஒப்பந்தத்தில் தொடங்கியது.

அடுத்தது வரைபடம். பிரிட்டனின் அரசு நில அளவை நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் பழைய 25 அங்குல வரைபடங்களை ஸ்காட்லாந்து தேசிய நூலகம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. மைலுக்கு 25 அங்குலம் என்றால் ஒவ்வொரு தண்டவாளமும், ஒவ்வொரு கொட்டகையும், வேலி வரைக்கும் தெரியும். அதை 33 மடங்கு பெரிதாக்கினால் ஓஓ அளவு வந்துவிடும். பெரிதாக்கி, ஏ4 தாள்களாக அச்சடித்து, ஒட்டித் தரையில் விரித்தேன். ஸ்டேஷன் அறையைத் தாண்டிப் படிக்கட்டு வரை போனது. "இதுல நான் நடக்கலாமா, இல்ல டிக்கெட் எடுக்கணுமா?" என்றாள் டூட்டி முடித்து வந்த மனைவி.

இனிமேல்தான் உண்மையான வேலை. எதைச் சுருக்குவது? எல்லாவற்றையும் ஒரே விகிதத்தில் சுருக்கினால் கட்டடம் பொம்மையாகிவிடும். இன்ஜினையும் பெட்டியையும் சுருக்கவே முடியாது. அவை கடையில் வாங்குபவை. சுருக்க முடிந்தது இரண்டு பொருள்களுக்கு நடுவில் இருக்கும் வெறும் இடத்தைத்தான். ஸ்டேஷன் கட்டடமும் சரக்குக் கொட்டகையும் அளவு மாறாமல் இருக்கட்டும், இடைவெளி குறையட்டும் என்று வைத்துக்கொண்டேன்.

அளவைக் கடைசியில் தீர்மானிப்பது லூப் லைன். பாதை முடிகிற ஸ்டேஷனுக்கு ரயில் வந்ததும் இன்ஜின் கழன்று, லூப் வழியாகப் பின்னால் போய், மறுமுனையில் மாட்டிக்கொள்ள வேண்டும். என் ரயில் ஒரு பேனியர் டாங்க் இன்ஜினும் இரண்டு பெட்டிகளும். பேனியர் என்பது தண்ணீர்த் தொட்டிகளை பாய்லரின் இரு பக்கமும் பொதிகழுதை மாதிரிச் சுமக்கிற கிரேட் வெஸ்டர்ன் இன்ஜின். 5700 வகையில் மட்டும் 863 செய்தார்கள். 57 அடிப் பெட்டி ஒன்று மாடலில் ஏறக்குறைய 23 செ.மீ.; இரண்டுக்கு 46. லூப்பின் இரு முனைக்கும், ஒரு தண்டவாளம் இரண்டாகப் பிரிகிற பாயிண்ட், பீகோ கம்பெனியின் மீடியம் அளவு, ஒவ்வொன்றும் 22 செ.மீ. முனையில் இன்ஜின் நிற்க இன்னும் 15. பக்கத்துப் பாதையில் போகிற இன்ஜின் நிற்கிற பெட்டியில் உரசாமல் இருக்கக் கொஞ்சம் தள்ளி நிறுத்த வேண்டும். கூட்டினால் ஒரு பலகையின் நீளம் அப்படியே காலி. அதோடு இரண்டு பலகைகள் சேரும் கோட்டின் மேல் பாயிண்ட் உட்காரக் கூடாது. கழற்றி மாட்டும்போது அதன் நாக்குத் தண்டவாளம் பாழாகிவிடும். இந்த ஒரு கணக்கை வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் பாயிண்ட்டின் காகித நகல்களைப் பலகை மேல் நகர்த்திக்கொண்டிருந்தேன். சின்ன பாயிண்ட் 18.5 செ.மீ.தான், மாற்றிவிடலாமே என்று ஆசை வரும். அதில் ரயில் போவதை ஒருமுறை பார்த்தால் ஆசை போய்விடும். பெட்டிகள் கோணிக்கொண்டு போகும்.

பலகையின் மறு கோடியில் ஒரு பாலம். பாலத்துக்கு அந்தப் பக்கம், அலங்காரம் எதுவுமில்லாமல் வெறும் தண்டவாளங்கள் உள்ள மறைவிடம். ஃபிடில் யார்டு என்பார்கள். பார்ப்பவனுக்கு ரயில் அங்கேயிருந்து வருகிறது, அங்கேயே போகிறது. ஸ்விண்டன், லண்டன், மிச்ச உலகம் எல்லாம் அந்த 60 செ.மீட்டருக்குள் அடக்கம். மறைவிடத்துக்கு இடம் ஒதுக்க மனசு வராமல் எல்லாவற்றையும் காட்சியாக்குகிறவர்கள் உண்டு. என் கணிப்பில், அப்படிச் செய்தால் ரயில் போவதற்கு ஊர் இல்லாமல் போகிறது.

ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் லாங் விட்டன்ஹாம் என்ற கிராமத்தில் பெண்டன் மியூசியம் இருக்கிறது. அதைத் தொடங்கியவர் 1925-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஒருவர். ராய் இங்லண்ட் என்று பெயர். குடும்பப் பெயரே அப்படி. இந்தப் பக்கத்துக் கூரை வீடுகள் ஒவ்வொன்றாக மாறுவதைப் பார்த்து, போவதற்குள் அவற்றை மாடலாகப் பிடித்து வைத்துவிட வேண்டும் என்று இறங்கியவர். அங்கே ஒரு குடிசையின் ஜன்னல் வழியே குனிந்து பார்த்தால் உள்ளே மேசையும் நாற்காலியும் தெரிகின்றன. உள்ளூர்க்காரர்களுக்கு அன்றாடமாகிப்போனது வெளியே இருந்து வந்தவன் கண்ணில்தான் படுகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள அவர் ஒரு சாக்கு.

சர்ச் ஹாலில் கூடும் மாடல் ரயில் சங்கத்தில் சேர்ந்த பிறகுதான் சுவாரஸ்யமான சண்டை வந்தது. நான் 1952-ஐத் தேர்ந்தெடுத்திருந்தேன்: பயணிகள் ரயிலுக்குக் கடைசி முழு ஆண்டு, எல்லாம் உள்ளபடி இருக்கும் என்று. அங்கே எண்பது தாண்டிய ஒரு பெரியவர். பணிமனையில் அப்ரெண்டிஸாகச் சேர்ந்து ஹைவொர்த்திலிருந்து தொழிலாளர் ரயிலில் போய் வந்தவர். பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்று பலமுறை சொல்லிவிட்டார். எனக்கு 'சார்' தவிர வேறெதுவும் வாயில் வரவில்லை.

"1952-ல நான் சின்னப் பையன், எனக்கு ஒண்ணும் ஞாபகமில்ல. 1960 செய். எதைக் கேட்டாலும் சொல்றேன்" என்றார்.

"அப்ப பயணிகள் ரயில் கிடையாதே, சார்?"

"நாங்க யாரு, மூட்டையா?"

1960-க்கு மாற்றினேன். டைம்டேபிள் சுருங்கிவிட்டது. ஆனால் வரைபடம் சொல்லாததை அவர் சொல்லத் தொடங்கினார். சாயங்கால ரயில் நிற்பதற்குள் கதவுகள் திறந்துவிடும், எல்லோரும் வேலியோரம் வைத்த சைக்கிளை நோக்கி ஓடுவார்கள், பிந்தினால் முன்னால் போகிறவர்கள் பின்னாலேயே மேட்டில் மிதிக்க வேண்டும் என்றார். என் பிளானில் வேலி இருந்தது, சைக்கிள் இல்லை. வேலியை ஒரு கைப்பிடி உள்ளே தள்ளினேன். அதற்காகக் கால்நடை ஏற்றும் மேடை போயிற்று. அது போனதில் அவருக்கு வருத்தமில்லை. 1960-ல் அங்கே மாடு ஏற்றிப் பார்த்ததில்லையாம்.

இந்த அளவு சைக்கிள்கள் மெல்லிய பித்தளைத் தகட்டில் அரித்தெடுத்து வருகின்றன. ஹேண்டில்பாரைக் குறட்டால் வளைத்து நிமிர்த்துவதற்குள் அரை மணி நேரம் ஓடிவிடும். கொஞ்சம் அழுத்தினாலும் கையோடு வந்துவிடும். எத்தனை வேண்டும் என்று பெரியவரைக் கேட்டேன். வேலி நிறைய என்றார். இப்போதைக்கு ஆறு நிற்கிறது.