முகாமில் மனநல மேசை: ஒரு காலி மாத்திரை அட்டை காப்பாற்றியது

வெள்ள நிவாரண முகாமில் மனநல உதவிக்கென நாங்கள் போட்ட மேசை, பதிவேடு, டோக்கன் எல்லாம் அரை நாளில் அமைந்துவிட்டன. ஏற்கெனவே சிகிச்சையில் இருந்தவர்களுக்கு மாத்திரை வாங்கத்தான் மூன்று நாள் ஆயிற்று.

மருந்துச் சீட்டுகள் வெள்ளத்தோடு போய்விட்டன. மருந்து கொடுக்கும் ஜன்னலில் "சீட்டு இல்லாம தர முடியாது" என்றார்கள். சீட்டு எழுத வேண்டியவரோ "பழைய சீட்டைக் கொண்டு வாங்க" என்றார். தேங்கிய தண்ணீரில் இரண்டு நடை வீண். கடைசியில் ஒரு பையின் அடியில் கிடந்த காலி அட்டைதான் கைகொடுத்தது: பின்பக்கம் மருந்தின் பெயரும் மில்லிகிராமும் அழியாமல் இருந்தன. அதன்பிறகு எங்கள் பதிவேட்டில் முதல் கேள்வியே "தினமும் மாத்திரை போடுறீங்களா, அட்டை இருக்கா?" என்பதுதான். காலி அட்டையானாலும் படம் எடுத்து வையுங்கள்.

வலிப்பு மாத்திரையையோ, நெடுநாள் போட்ட தூக்க மாத்திரையையோ சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். மனநிலை ஏற்ற இறக்க நோய்க்கான லித்தியம் மாத்திரை போடுகிறவர்களுக்கு மாத்திரை கையில் இருந்தாலும் ஆபத்துதான். குடிதண்ணீர் தட்டுப்பாடும் வயிற்றுப்போக்கும் சேர்ந்தால் இரத்தத்தில் அதன் அளவு ஏறிவிடும். கைநடுக்கம் கூடி, நாக்குக் குழறி, நடை தள்ளாடினால் அடுத்த வேளை மாத்திரையைக் கொடுக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். குடிப்பழக்கம் உள்ளவர்களை யாரும் கணக்கில் எடுப்பதே இல்லை. சரக்கு கிடைக்காத இரண்டாம், மூன்றாம் நாளில் ஒருவர் வியர்த்து நடுங்கி, இல்லாத ஆளோடு பேசினால் "பயந்துட்டார்" என்று விட்டுவிடாதீர்கள், உயிருக்கே ஆபத்து. தயமின் (வைட்டமின் பி1) போடாமல் வெறும் குளுக்கோஸ் ஏற்றவும் கூடாது.

இதற்கிடையில் ஒரு தன்னார்வக் குழு வந்து, எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்து, நடந்ததைச் சொல்லச் சொன்னது. பாய்க்குப் பாய் இடைவெளி இல்லாத வகுப்பறையில்! உலகச் சுகாதார நிறுவனத்தின் 2011 உளவியல் முதலுதவிக் கையேடு சொல்வது பார், கேள், தேவையான உதவியோடு இணை என்ற மூன்றுதான்; பேசச் சொல்லி நெருக்கக் கூடாது என்பதும் அதிலேயே இருக்கிறது. தனியாகப் பேச அறை தேடி அலைய வேண்டாம். மாடிப்படித் திருப்பமோ, தண்ணீர் எடுக்கக் கூடவே நடப்பதோ போதும்.

இன்னொன்று, நகரத்து முகாம் சீக்கிரம் கலைந்துவிடும். அறிகுறிகள் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால்தான் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோய் (PTSD) என்று முடிவுக்கு வர முடியும். அதற்குள் ஆட்கள் உறவினர் வீடுகளுக்குச் சிதறியிருப்பார்கள். அதனால் பதிவேட்டில் இரண்டு தொலைபேசி எண் எழுதினோம், ஒன்று முகாமில் இல்லாத சொந்தக்காரருடையது. ஒரு மாதம் கழித்துக் கூப்பிட்டபோது பெரும்பாலும் மணி அடித்தது அந்த இரண்டாவது எண்தான்.