மொறிஸ் மைனருக்கு டிஸ்க் பிறேக்: ஹோஸுக்கு வழி பார்த்த அனுபவம்

மாமாவின் மொறிஸ் மைனர் 1990களில் மண்ணெண்ணெயில் ஓடிய கார். கார்புரேற்றரில் துளி பெற்றோல் விட்டு இயந்திரத்தை உயிர்ப்பித்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டிய காலம் அது. கையில் கிடைத்ததை வைத்துத் திருத்தித் திருத்தி ஓடிய வண்டி என்பதால், கழற்றக் கழற்ற ஏதாவது ஒரு விசித்திரம் வெளியே வந்தது. யாழ்ப்பாணம் கோண்டாவிலில் எங்கள் வளவுக்குள் அதைத் திரும்பக் கட்டி வருகிறேன். முன்சில்லுகளில் டிரம் பிறேக்கை எடுத்துவிட்டு, ஜப்பானியக் கார் ஒன்றின் டிஸ்க் பிறேக்கைக் கொழுவினேன். டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் கலிப்பருக்கான தாங்கியை லேத்தில் கடைந்தெடுப்பதுதான் பெரிய வேலை என்று எல்லோரும் சொன்னார்கள். அது ஒரு வழியாக முடிந்தது. அதிகம் யோசிக்க வைத்தது சேசிஸுக்கும் கலிப்பருக்கும் இடையே தொங்கி, பிறேக் ஒயிலைக் கொண்டுபோகும் அந்தச் சிறு ரப்பர் ஹோஸ்தான். (மிதியின் அழுத்தத்தை ஒயிலுக்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டரை டிஸ்க்குக்கு ஏற்ப மாற்றுவது வேறொரு வேலை, அதை இங்கே தொடவில்லை.)

பழைய மைனரில் நான்கு சில்லுக்கும் பிறேக் ஒயில் ஒரே சுற்று. ஒரு ஹோஸ் வெடித்தாலும் நான்கு சில்லுக்கும் பிறேக் போய்விடும். மிச்சம் கைப்பிறேக் மட்டும். வருடாந்தப் புகைப் பரிசோதனையில் யாரும் குனிந்து ஹோஸைப் பார்க்கப்போவதில்லை. நாமே பார்த்தால்தான் உண்டு. இந்தக் காரிலிருந்து கழற்றிய பழைய ஹோஸ் வெளியே நன்றாகத்தான் இருந்தது. வெட்டிப் பார்த்தால் உள்ளே வீங்கித் துளை அடைபட்டிருந்தது. அப்படிப்பட்ட ஹோஸில் மிதிக்கும்போது ஒயில் போகும், காலை எடுத்தால் திரும்பாது, சில்லு இறுகியே நிற்கும். பிறேக் ஒயிலுக்குப் பதிலாகச் சாதாரண இயந்திர ஒயிலை விட்டால் ரப்பர் இப்படி வீங்கும்.

புது ஹோஸை வாங்குவதற்கு முன்னரே அது போகவேண்டிய பாதையைக் கண்டுபிடிக்க வேண்டும். காரை நிறுத்தி வைத்து நாடாவால் அளந்து பயனில்லை. முன்சில்லு மேலும் கீழும் போகிறது, இடமும் வலமும் திரும்புகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கும். ஹோஸ் அளவுக்குத் தடித்த மின்வயர்த் துண்டு ஒன்றை எடுத்துக் கலிப்பரிலும் சேசிஸிலும் தற்காலிகமாகக் கட்டினேன். நூல் கட்டிப் பார்த்தால் போதாது. அது எங்கும் வளையும், ஹோஸ் அப்படி வளையாது.

சேசிஸை ஜாக்கில் தூக்கிச் சில்லைத் தொங்கவிட்டு, ஸ்ரியறிங்கை இரு பக்கமும் கடைசி வரை திருப்பிப் பார்த்தேன். வயர் இழுபடாமல் சற்றுத் தளர்வாக நிற்க வேண்டும். பிறகு ஜாக்கைக் கீழ்க் கைக்கு அடியில் வைத்துத் தூக்கினேன். முன்பக்கம் பாரம் குறைவு என்பதால் சில்லு மேலே வராமல் காரே கிளம்பியது. இயந்திர அறையின் இரு பக்கமும் பலகை போட்டு, சீமெந்துப் பைகளை அடுக்கி, அயல்வீட்டுத் தம்பிமார் இருவரையும் ஏற்றிய பிறகுதான் சில்லின் ஏற்றத்தை நிறுத்தும் தடுப்பு ரப்பர் தொட்டது. அந்த நிலையிலும் ஸ்ரியறிங்கை இரு பக்கமும் திருப்ப வேண்டும். ரயரோடு சில்லு பூட்டியே இருக்க வேண்டும், ஏனென்றால் ஹோஸைத் தின்னும் முதல் எதிரி ரயர்தான்.

சில்லு திரும்பும் அச்சுக்கு எவ்வளவு அருகால் ஹோஸ் போகிறதோ, திருப்பும்போது அவ்வளவு குறைவாக அசையும். மைனரில் ஹோஸ் முனையைப் பிடிக்கும் பழைய தாங்கி டிரம்மின் சிலிண்டரை நோக்கி வைக்கப்பட்டது. கலிப்பரின் வாய் வேறு பக்கம் பார்த்தது. அதனால் புதுத் தாங்கித் தகட்டைச் சற்று மேலே, அச்சை ஒட்டி, போல்ட் போட்டுப் பூட்டினேன். தகட்டின் துளையை வட்டமாக விடாமல் ஒரு பக்கம் தட்டையாக அராவி எடுத்தால் ஹோஸ் தலை சுழலாது. நீளமான ஹோஸைப் போட்டுவிட்டு, மிச்சத்தைக் கம்பியால் ஸ்ரியறிங் தண்டோடு கட்டி வைப்பவர்களைக் கண்டிருக்கிறேன். கண்டதும் அவிழ்க்கச் சொல்லவேண்டிய கட்டு அது.

அடுத்தது புரி. மைனரின் குழாய்களில் இருப்பது யு.என்.எஃப். என்ற அங்குல அளவுப் புரி: எட்டில் மூன்று அங்குலம், அங்குலத்துக்கு 24 சுற்று. ஜப்பானிய ஹோஸில் 10 மில்லிமீற்றர், புரிக்குப் புரி ஒரு மில்லிமீற்றர் இடைவெளி. எட்டில் மூன்று அங்குலம் என்பது 9.525 மில்லிமீற்றர். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். மெல்லிய நட் பெரிய துளைக்குள் சுகமாக ஏறி, இறுகியது போலவும் காட்டும். முழுப் பலத்தோடு மிதிக்கும் நாளில் புரி கழன்று வரும். ஸ்ரான்லி வீதியில் ஒரு கடையில் “இரண்டும் பொருந்தும்” என்றே சொன்னார்கள். நான் கேட்கவில்லை. ஒயில் குழாய்கள் பிரியும் கிளைக்கூட்டிலிருந்து தாங்கித் தகடு வரை புது உலோகக் குழாய் போட்டு, ஒரு முனைக்கு யு.என்.எஃப். நட், மறுமுனைக்கு 10 மில்லிமீற்றர் நட் என்று செய்வித்தேன். குழாய் வாயை விரிக்கும் வடிவமும் அந்தந்த முனைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும்.

பூட்டும்போது முதலில் கலிப்பர் முனை. போல்ட்டின் இரு பக்கமும் புதுச் செம்பு வாஷர். பழையதைத் திரும்பப் போடக்கூடாது. அதன் பிறகே தகட்டு முனை. உதவிக்கு வந்த வயதான மெக்கானிக் ஐயா, “தம்பி, கோட்டைப் பாரும்” என்று மட்டும் சொல்லிவிட்டுச் சுருட்டுப் பற்றவைத்தார். ஹோஸின் நீளத்துக்கு ஓடும் வெள்ளைக் கோடு முறுகாமல் நேராக நின்றால் ஹோஸும் முறுகவில்லை. குழாய் நட்டை இறுக்கும்போது ஹோஸ் தலையை இன்னொரு ஸ்பனரால் பிடித்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் கோடு சுருண்டுவிடும்.

டொட் 4 என்ற வகைப் பிறேக் ஒயில் விட்டு, குழாய்களில் சிக்கிய காற்றை எடுத்தோம். மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தூரமான இடது பின்சில்லில் தொடங்கினோம். இந்த ஒயில் ஈரத்தை உறிஞ்சும் என்பதால், திறந்த போத்தலை எங்கள் கடற்காற்றில் மாதக்கணக்கில் வைத்திருந்து பாவிக்கக்கூடாது. பெயின்ரில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்ற வேண்டும். மிதியை அழுத்திப் பிடித்தபடி ஒவ்வொரு இணைப்பையும் காகிதத்தால் ஒற்றிப் பார்த்தோம். ஈரம் இல்லை.

கடைசியாக, அம்மாவிடம் விபூதி வாங்கித் தண்ணீரில் குழைத்து ஹோஸ் முழுவதும் பூசினேன். எங்காவது உரசினால் அந்த இடத்தில் அழிந்துவிடும். மெக்கானிக் ஐயா இதைப் பூசை என்றே நினைத்தார். குண்டும் குழியுமான ஒழுங்கைகளால் பக்கத்துத் திருநெல்வேலி வரை போய் வந்து பார்த்தபோது, இரு பக்கமும் பூச்சு அப்படியே இருந்தது. பின் அச்சுக்கு ஒரே ஹோஸ்தான். அங்கே திருப்பம் இல்லாததால் பழைய இடத்திலேயே, யு.என்.எஃப். புரியோடு புதிதாக ஒன்றைப் போட்டாயிற்று.